ஃபாக்ஸ்ப்ரோவிலிருந்து ஒரு சோப் அழைப்பு

2020 ஜனவரி 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் வாட் வரி விதி ஒன்று இறுகியது. ஓர் உறுப்பு நாட்டு நிறுவனம் இன்னோர் உறுப்பு நாட்டு நிறுவனத்துக்குச் சரக்கு அனுப்பினால், விற்பவர் வாட் போடாமல் பில் கொடுக்கலாம். இந்தச் சலுகை முன்பே இருந்ததுதான். ஆனால் அந்தத் தேதியிலிருந்து, வாங்குபவரிடம் செல்லுபடியாகும் வாட் எண் இருக்கவேண்டும், அதை அவர் விற்பவரிடம் சொல்லியிருக்கவேண்டும் என்பது சலுகைக்கே அடிப்படை நிபந்தனை ஆனது. முன்பு எண்ணில் கோளாறு இருந்தால் அது நடைமுறைக் குறை. இப்போது வரிவிலக்கே கைவிட்டுப் போகலாம்.

எண் சரிதானா என்று பார்க்க ஐரோப்பிய ஆணையம் வீஸ் என்ற சேவையை நடத்துகிறது. ஒன்றிரண்டு எண் என்றால் உலாவியில் தட்டிப் பார்த்துவிடலாம். நாளுக்கு நூறு பில் போடும் மொத்த வியாபாரிக்கு அது சரிப்படாது. பில் போடும் நிரலே கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். நிரல்கள் வீஸோடு பேச நெடுங்காலமாக இருக்கும் வழி, கடிதம் அனுப்பிப் பதில் வாங்கும் சோப் என்ற முறை. அந்த வியாபாரியின் நிரலோ விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய நிரல்மொழியில் எழுதியதாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மொழியின் கடைசிப் பதிப்பான 9.0 வெளிவந்தது 2004 டிசம்பரில். இனி புதுப் பதிப்பு கிடையாது என்று 2007 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2015 ஜனவரியோடு ஆதரவும் முடிந்துபோனது.

இப்படியொரு மொழியிலிருந்து சோப் சேவையைக் கூப்பிட முடியுமா? முடியும். வருடக்கணக்கில் உடையாமல் ஓடும்படியே செய்யலாம். ஆனால் ஒரு காலத்தில் சுலபமான வழி என்று காட்டப்பட்ட பாதையில் போனவர்கள்தான் முதலில் மாட்டிக்கொண்டார்கள். கடிதத்தைக் கையால் எழுதி அனுப்பியவர்களின் நிரல் அத்தனை சீக்கிரம் நிற்கவில்லை. ஏன் அப்படி ஆனது என்று விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஃபாக்ஸ்ப்ரோவை அறியாத இளைஞர்களுக்காக இரண்டு வரி. டிபேஸ் என்ற பழைய தரவுத்தள மென்பொருளின் குடும்பத்தில் வந்த மொழி இது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் இருந்த ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் உருவாக்கியது. 1992-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. தொண்ணூறுகளில் நம் ஊர்க் கணினிப் பயிற்சி மையங்களில் படித்தவர்களுக்கு இதன் நீலத்திரை நினைவிருக்கும். தரவுத்தளம் மொழிக்குள்ளேயே இருக்கும். தனியாக ஒரு சர்வர் வேண்டாம். ஒரு ஃபோல்டரில் தரவு இருக்கும் டிபிஎஃப் கோப்புகள், ஒரு இஎக்ஸ்இ, அவ்வளவுதான். விண்டோஸ் 10, 11 வரை விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ இஎக்ஸ்இ ஓடுகிறது. ஓடுகிற ஒன்றை, இருபது வருட வியாபாரக் கணக்கைச் சுமக்கிற ஒன்றை, புதுசாக எழுதச் சொல்வது சுலபம். செலவும் ஆபத்தும் அந்த வியாபாரியின் தலையில்தான் விழும்.

சரி, சோப்புக்கு வருவோம். இரண்டு கணினிகள் எக்ஸ்எம்எல் கடிதம் வழியாக, அதாவது தகவலைக் குறிச்சொற்களுக்குள் வைத்து எழுதிய கடிதம் வழியாகப் பேசிக்கொள்ளும் முறை அது. 2000 மே மாதம் 1.1 பதிப்பு, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பிடம் அளிக்கப்பட்டது. 2003 ஜூனில் 1.2 பதிப்பு அதிகாரபூர்வப் பரிந்துரை ஆனது. கடிதத்துக்கு என்வலப் என்ற வெளியுறை உண்டு. அதற்குள் ஹெடர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பாடி கட்டாயம். பாடிக்குள் நாம் கூப்பிடும் செயலின் பெயரும் அதற்குத் தரும் மதிப்புகளும் இருக்கும். வீஸிடம் அனுப்பவேண்டியவை இரண்டே இரண்டு: நாட்டுக் குறியீடு, வாட் எண். திரும்பி வருபவை ஆறு: அதே நாடு, அதே எண், கேட்ட தேதி, சரியா தவறா, பெயர், முகவரி. வலைப்பக்கங்கள் தகவல் அனுப்பும் அதே ஹெச்டிடிபி போஸ்ட்டாகத்தான் இந்தக் கடிதம் போகிறது, பதிலும் அதிலேயே வருகிறது. இதில் ஃபாக்ஸ்ப்ரோவால் செய்யமுடியாத காரியம் எதுவும் இல்லை.

ஆனால் 2001 வாக்கில் யாரும் அப்படிப் பார்க்கவில்லை. சேவை ஒவ்வொன்றும் தன்னை விவரிக்க டபிள்யூஎஸ்டிஎல் என்ற கோப்பை வைத்திருக்கும். என்னென்ன செயல்கள், என்ன வகை மதிப்புகள், எந்த முகவரி எல்லாம் அதில் இருக்கும். மைக்ரோசாஃப்டின் சோப் டூல்கிட் அந்தக் கோப்பைப் படித்து, தொலைவில் இருக்கும் சேவையை உள்ளூர் ஃபங்ஷன் போல ஆக்கிக் காட்டியது. ஃபாக்ஸ்ப்ரோ 7 வந்தபோது இந்த டூல்கிட்டுக்கான வசதி அதிலேயே சேர்ந்து வந்தது. ஆப்ஜெக்ட் ஒன்றை உண்டாக்கு, டபிள்யூஎஸ்டிஎல் முகவரியைக் கொடு, கூப்பிடு. மூன்று வரி. எக்ஸ்எம்எல் எப்படி இருக்கும் என்று நிரலாளர் பார்க்கவே வேண்டாம்.

பார்க்க வேண்டாம் என்றதில்தான் சிக்கல் இருந்தது. அழைப்பு வெற்றியடையும்வரை மூன்று வரி போதும். தோற்றால், எங்கே தோற்றது என்று தெரிய வழியில்லை. டபிள்யூஎஸ்டிஎல் கோப்பை ஏற்ற முடியவில்லை என்று ஒற்றை வரியும் ஒரு பதினாறடிமான எண்ணும் திரையில் வரும். கோப்பு வேறொரு கோப்பை உள்ளே இழுத்திருக்கலாம். டூல்கிட்டுக்குப் புரியாத வகை அதில் இருந்திருக்கலாம். இணைப்பே கிடைக்காமல் போயிருக்கலாம். எல்லாவற்றுக்கும் அதே செய்திதான். போதாக்குறைக்கு, சோப்பிலேயே கடிதம் எழுத இரண்டு பாணிகள் உருவாகியிருந்தன. ஒவ்வொரு மதிப்போடும் அதன் வகையையும் எழுதி அனுப்பும் பாணி ஒன்று, ஸ்கீமா என்ற வடிவ வரையறையில் சொன்னபடி ஆவணத்தை அப்படியே அனுப்பும் பாணி இன்னொன்று. பழைய டூல்கிட் முதல் பாணியில் வளர்ந்தது. மைக்ரோசாஃப்டின் புதிய நிரல் தளமான டாட்நெட் இயல்பாகவே இரண்டாவதைப் பேசியது. இத்தகைய சேவைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதற்காக 2004-ல் வெளியான டபிள்யூஎஸ்-ஐ அடிப்படை வரையறை முதல் பாணியை விலக்கியே வைத்தது. டாட்நெட் வந்தபின் டூல்கிட்டைக் கவனிக்க ஆளில்லை. அதன் நூலகக் கோப்புகளான டிஎல்எல்களை ஒவ்வொரு கணினியிலும் நிறுவும் வேலை மட்டும் நிரலாளரிடம் மிஞ்சியது.

கையால் எழுதும் வழி எப்படி என்று பார்ப்போம். முதலில் ஃபாக்ஸ்ப்ரோவைத் திறக்கவே கூடாது. சோப்யூஐ போன்ற இலவசக் கருவியில் டபிள்யூஎஸ்டிஎல் முகவரியைக் கொடுத்தால் மாதிரிக் கடிதம் ஒன்றை அதுவே தயாரித்துத் தரும். அதில் உண்மையான எண்ணை இட்டு அனுப்பி, பதில் வரும்வரை அங்கேயே நின்று சரிசெய்யவேண்டும். பதில் வந்த கடிதத்தை அப்படியே நகலெடுத்து ஃபாக்ஸ்ப்ரோவின் டெக்ஸ்ட், எண்ட்டெக்ஸ்ட் கட்டளைகளுக்கு நடுவே வைத்து, மாறவேண்டிய இரண்டு இடங்களில் மாறியின் பெயரை இரட்டைக் கோண அடைப்புக்குள் எழுதிவிட்டால் கடிதம் தயார். எழுத்துகளைக் கையாள்வதில் இந்த மொழி கெட்டிக்காரத்தனமானது. எத்தனையோ புது மொழிகளில் இதைவிடச் சுற்றி வளைத்துத்தான் செய்யவேண்டியிருக்கிறது. அப்புறம் விண்டோஸின் எக்ஸ்எம்எல் நூலகமான எம்எஸ்எக்ஸ்எம்எல் 6-ன் சர்வர்எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபி ஆப்ஜெக்ட்டை உண்டாக்கி, முகவரியைத் திறந்து, கடிதத்துக்கு வெளியே போகும் ஹெச்டிடிபி ஹெடர்களை இட்டு, அனுப்பவேண்டும். எல்லாம் சேர்த்து முப்பது வரிக்குள் அடங்கும்.

முப்பது வரியில் தடுக்கிவிழும் இடங்கள் தெரிந்தவையே. சோப் 1.1-ல் சோப்ஆக்‌ஷன் என்ற ஹெடர் கட்டாயம். அதன் மதிப்பு காலியாக இருந்தாலும் வெறும் மேற்கோள் குறிகளோடு அனுப்பவேண்டும். 1.2-ல் அந்த ஹெடரே கிடையாது, உள்ளடக்க வகையின் பெயரும் மாறிவிடும். இரண்டையும் கலந்தால் சர்வர் மறுத்துவிடும். குறிச்சொற்கள் எந்தச் சேவைக்குரியவை என்று காட்டும் நேம்ஸ்பேஸ் பார்ப்பதற்கு இணைய முகவரி போல இருந்தாலும் அது வெறும் பெயர்தான். ஒரு எழுத்து பிசகினால் வேறு பெயர். கடைசியில் ஒரு சாய்கோடு கூடுதலாக இருந்ததற்காக நான் இரண்டு நாள் தேடியிருக்கிறேன். பெயரையும் அனுப்பும் சேவைகளில், மதிப்புகளுக்குள் & குறி வந்தால் அதை எக்ஸ்எம்எல் முறைப்படி மாற்றி எழுதவேண்டும். சோதனையின்போது யாரும் அப்படிப்பட்ட பெயரை உள்ளிடுவதில்லை. கூட்டு வியாபாரம் செய்யும் உண்மையான வாடிக்கையாளர் வந்த அன்றுதான் நிரல் நிற்கும்.

பதிலைப் படிப்பதில் இன்னும் கவனம் வேண்டும். ஃபாக்ஸ்ப்ரோவில் ஸ்ட்ரெக்ஸ்ட்ராக்ட் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. இந்த அடையாளத்துக்கும் அந்த அடையாளத்துக்கும் நடுவில் இருப்பதை எடு என்றால் எடுத்துக் கொடுத்துவிடும். கை தானாக அதை நோக்கிப் போகும். ஆனால் எக்ஸ்எம்எல்லில் நேம்ஸ்பேஸைச் சுட்ட ஒரு குறிச்சொல்லின் முன்னால் ஒட்டும் முன்னொட்டு சர்வரின் விருப்பம். இன்று முன்னொட்டே இல்லாமல் வரலாம், நாளை சர்வரின் மென்பொருளைப் புதுப்பித்தபின் வேறொன்றோடு வரலாம். இரண்டும் சரியான எக்ஸ்எம்எல்தான். முன்னொட்டை நம்பி எழுதிய நிரல் அன்றைக்கு வெற்று ஸ்ட்ரிங்கைத் திருப்பும், எரர்கூட வராது. அதனால் பதிலை, எக்ஸ்எம்எல்லைப் புரிந்து மரம் போல அடுக்கித் தரும் டாம் ஆப்ஜெக்ட்டில் ஏற்றி, முன்னொட்டை ஒதுக்கிவிட்டு உள்ளூர்ப் பெயரால் தேடுவதே பாதுகாப்பு. தேதியும் அப்படித்தான். வீஸ் தரும் தேதியின் வாலில் நேர மண்டலமும் ஒட்டிக்கொண்டு வரும். அதை அப்படியே தேதியாக மாற்றப்போனால் காலித் தேதி கிடைக்கலாம். முதல் பத்து எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவேண்டும். ஜெர்மானிய எண் என்றால் சரி, தவறு மட்டும் வரும். பெயரும் முகவரியும் வராது. கிரீஸின் குறியீடு ஜிஆர் அல்ல, இஎல். பிரிட்டன் 2021 முதல் இதில் இல்லை. வட அயர்லாந்துக்கு மட்டும் எக்ஸ்ஐ என்ற புதுக் குறியீடு இருக்கிறது.

பெயர், தேதியில் வரும் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். சரியா, தவறா என்ற ஒற்றை மதிப்பில் வரும் பிழை வாடிக்கையாளரின் பணத்தில் கைவைக்கும். வீஸ் தன்னிடம் பெரிய பட்டியல் எதையும் வைத்துக்கொண்டு பதில் சொல்வதில்லை. கேள்வியை அந்தந்த நாட்டின் வரித்துறைத் தரவுத்தளத்துக்கு அனுப்பி, வரும் பதிலை நமக்குத் தருகிறது. அந்த நாட்டின் சர்வர் அந்த நேரத்தில் ஓய்வில் இருந்தால், உறுப்பு நாடு கிடைக்கவில்லை என்று ஃபால்ட் என்ற பிழைக் கடிதம் வரும். சோப் 1.1 விதிப்படி ஃபால்ட் ஹெச்டிடிபி 500 என்ற எண்ணோடு வரவேண்டும். 500-ஐக் கண்டதும் சர்வர் விழுந்துவிட்டது என்று நினைத்துப் பதிலின் உடலைப் படிக்காமல் தூக்கிப் போடும் நிரல்கள் ஏராளம். காரணம் அந்த உடலுக்குள்தான் எழுதியிருக்கும்.

அதைவிட மோசம், ஃபால்ட்டைத் தவறு என்று பதிந்துகொள்ளும் நிரல். எண் செல்லாது என்பதும் இப்போது சொல்லமுடியவில்லை என்பதும் ஒன்றல்ல. முதலாவதில் அந்த வாடிக்கையாளருக்கு வாட் போடவேண்டும். இரண்டாவதில் பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்கவேண்டும். ஃபாக்ஸ்ப்ரோவின் லாஜிக்கல் ஃபீல்டில் உண்மை, பொய் இரண்டோடு நல் என்ற மூன்றாம் நிலையையும் வைக்கமுடியும். டேபிளை வடிவமைக்கும்போதே அதற்கு அனுமதி கொடுக்கவேண்டும். பதில் தெரியாதபோது நல் வைத்துவிட்டால், பில் போடும் திரை இன்னும் சரிபார்க்கவில்லை என்று நேர்மையாகக் காட்டும். நாணயமான ஒரு வாடிக்கையாளரைப் போலி எண்காரர் என்று காட்டாமல் இருக்க அந்த ஒரு ஃபீல்டு போதும்.

எழுத்துக் குறியீடு இன்னொரு பெரிய விஷயம். நமக்கு நெருக்கமான விஷயமும்கூட. ஃபாக்ஸ்ப்ரோவின் ஸ்ட்ரிங் யூனிகோட் அறியாது; எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் விண்டோஸின் பழைய அட்டவணைகளான குறிப்பக்கங்களில் ஒன்றை நம்பி வாழ்கிறது. வீஸ் கிரேக்க நிறுவனத்தின் பெயரைக் கிரேக்க எழுத்திலேயே தரும். மேற்கு ஐரோப்பியக் குறிப்பக்கத்தில் ஓடும் நிரலுக்குள் அந்தப் பெயர் நுழைந்தால் வெறும் கேள்விக்குறிகளாக மாறிவிடும். விண்டோஸ் ஆப்ஜெக்ட்டிலிருந்து ஃபாக்ஸ்ப்ரோவுக்குள் வரும் காம் எல்லையைத் தாண்டும் கணத்திலேயே இந்த இழப்பு நடந்துவிடுவதால் பிறகு மீட்க வழியில்லை. அதனால் பதிலை ரெஸ்பான்ஸ்டெக்ஸ்ட் வழியாக எடுக்காமல் ரெஸ்பான்ஸ்பாடி வழியாக பைட்டுகளாகவே எடுக்கவேண்டும், அல்லது சிஸ் 3101 என்ற அமைப்பில் 65001 இட்டு, எல்லையைத் தாண்டும் ஸ்ட்ரிங்குகள் யுடிஎஃப்-8 ஆகவே வரும்படி சொல்லிவிடவேண்டும். சேமிக்கும் ஃபீல்டையும் குறிப்பக்க மாற்றம் தொடாத பைனரி வகையாக வைக்கவேண்டும். அனுப்பும்போது நேர்மாறான தவறு நடக்கும். ஸ்ட்ரிங்காகக் கொடுத்தால் எம்எஸ்எக்ஸ்எம்எல் தானே அதை யுடிஎஃப்-8 ஆக்கும். இது தெரியாமல் நாமும் ஒருமுறை மாற்றிக்கொடுத்தால் இரட்டை மாற்றம் ஆகி, புள்ளி வைத்த ஒரு ஜெர்மன் எழுத்து இரண்டு அன்னிய எழுத்துகளாகப் போய்ச் சேரும்.

கிரேக்கத்துக்காவது விண்டோஸில் சொந்தக் குறிப்பக்கம் உண்டு. ஃபாக்ஸ்ப்ரோ போன்ற நிரல்கள் நம்பி ஓடக்கூடிய அப்படியொரு குறிப்பக்கம் தமிழுக்கு இருந்ததே இல்லை. விண்டோஸில் தமிழ் யூனிகோடாக மட்டுமே வந்தது. அதனால்தான் ஃபாக்ஸ்ப்ரோ போன்ற நிரல்களில் தமிழ்ப் பெயர்களைச் சேமித்தவர்கள் டாம் (மேலே சொன்ன டாம் ஆப்ஜெக்ட் அல்ல), டாப் போன்ற எழுத்துரு சார்ந்த குறியீடுகளை நாடவேண்டியிருந்தது. எழுத்துருவை மாற்றினால் பெயரே மாறிப்போகும் அந்தப் பழைய தரவைச் சேவை வழியாக அனுப்பவேண்டி வந்தால், முதலில் யூனிகோடுக்கு மாற்றும் அட்டவணை ஒன்றை எழுதியாகவேண்டும். அதைச் செய்யாமல் எக்ஸ்எம்எல் கடிதத்துக்குள் போட்டால் அந்தப் பக்கம் யாருக்கும் வாசிக்க முடியாத பெயர்தான் போய்ச் சேரும்.

இவ்வளவும் சரியாக இருந்து, பல வருடம் ஓடிய நிரல் ஒரு நாள் காலையில் நின்றுபோகும். நிரலில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. பெரும்பாலும் காரணம், இணையத்தில் போகும் தகவலைப் பிறர் படிக்காமல் காக்கும் டிஎல்எஸ் முறை. டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டும் இனி வேண்டாம் என்று 2021 மார்ச்சில் இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் முறைப்படி அறிவித்தது. அதற்கு முன்பிருந்தே சர்வர்கள் ஒவ்வொன்றாக அவற்றை நிறுத்திவந்தன. ஃபாக்ஸ்ப்ரோவுக்கு டிஎல்எஸ் என்றால் என்னவென்றே தெரியாது. அந்தப் பொறுப்பு விண்டோஸுடையது. சாதாரண விண்டோஸ் எக்ஸ்பியில் டிஎல்எஸ் 1.2 கிடையாது. விண்டோஸ் 7-ல் இருக்கிறது, ஆனால் நம் கடிதத்தைச் சுமந்துபோகும் விண்டோஸ் பாகமான வின்ஹெச்டிடிபி அதை இயல்பாகப் பயன்படுத்தாது. ஒரு புதுப்பிப்பும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பும் தேவை. 8.1 முதல் இயல்பாகவே வேலை செய்யும். வின்ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்ட்டை நேரடியாகப் பயன்படுத்துபவர்கள் 9-ஆம் விருப்பத்துக்கு 2048 என்ற மதிப்பைக் கொடுத்து டிஎல்எஸ் 1.2-ஐக் கேட்டு வாங்கலாம். பாதுகாப்பான தடத்தில் கோளாறு என்று செய்தி வந்தால் நிரலைத் தோண்டவேண்டாம். கணினியின் விண்டோஸ் பதிப்பை முதலில் பாருங்கள்.

கையால் எழுதியவர்கள் பிழைத்ததன் காரணம் இங்கேதான் தெரிகிறது. அவர்கள் நம்பிய எம்எஸ்எக்ஸ்எம்எல்லும் வின்ஹெச்டிடிபியும் விண்டோஸின் பாகங்கள். விண்டோஸோடு சேர்ந்து அவையும் புதுப்பிக்கப்பட்டன. டூல்கிட் தனியாக நின்றது, தனியாகவே முடிந்தது.

காத்திருக்கும் நேரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஃபாக்ஸ்ப்ரோ ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். பதில் வரும்வரை திரை உறைந்து நிற்கும். நேர வரம்பு எதுவும் வைக்காவிட்டால் பதிலுக்காக அரை நிமிடம் வரை அது காத்திருக்கும். பில் மேசையில் நிற்பவருக்கு அது மிக நீண்ட நேரம். அவர் மறுபடி மறுபடி கிளிக் செய்வார், கடைசியில் நிரலையே மூடிவிடுவார். நேர வரம்புகளைக் குறைத்து வைத்து, பதில் கிடைக்காத எண்களை ஒரு டேபிளில் வரிசையாகச் சேர்த்து, பின்னணியில் ஓடும் தனி இஎக்ஸ்இ ஒன்று அவற்றை மெதுவாகக் கேட்டு நிரப்பும்படி செய்தால் மேசையில் இருப்பவருக்கு எந்தத் தொல்லையும் இல்லை.

கையால் எழுதுவதற்கு ஓர் எல்லை உண்டு. செக் குடியரசு 2016 டிசம்பர் 1 அன்று இஇடி என்ற திட்டத்தைத் தொடங்கியது. முதலில் உணவகங்களும் விடுதிகளும் ஒவ்வொரு ரொக்க விற்பனையையும் உடனுக்குடன் வரித்துறைக்கு அறிவிக்கவேண்டும். திரும்பி வரும் குறியீட்டை ரசீதில் அச்சிடவேண்டும். அதுவும் சோப் சேவைதான். ஆனால் அதன் கடிதத்தில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கவேண்டும். கையொப்பமிடும் முன் எக்ஸ்எம்எல்லை ஒரு நியம வடிவத்துக்குக் கொண்டுவந்து, அதன் உள்ளடக்கத்தைச் சுருக்கிக் காட்டும் ஹாஷைக் கணக்கிட்டு, சான்றிதழின் சாவியால் ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையில் கையொப்பமிட வேண்டும். ஒரு வெற்றிடம் இடம் மாறினாலும் கையொப்பம் செல்லாது. ஃபாக்ஸ்ப்ரோவில் ஆர்எஸ்ஏ கிடையாது. அதை ஸ்ட்ரிங் ஒட்டிச் செய்ய முயல்வது வீண் பாடு. அத்திட்டம் 2020-ல் நிறுத்திவைக்கப்பட்டு, 2023 ஜனவரி 1 அன்று ரத்தானது. ஆனால் கையொப்பம் கேட்கும் அரசுச் சேவைகள் இன்னும் பல நாடுகளில் இருக்கின்றன.

அந்த மாதிரி இடத்தில் பாலம் ஒன்று வேண்டும். டாட்நெட்டில் சின்ன டிஎல்எல் ஒன்றை எழுதி, கையொப்பத்தையும் அனுப்புதலையும் அதனிடம் விட்டுவிடலாம். அதை ஃபாக்ஸ்ப்ரோவோடு இணைக்க ரிக் ஸ்ட்ரால் எழுதிய டபிள்யூடபிள்யூடாட்நெட்பிரிட்ஜ் என்ற திறந்த மூல நூலகம் நல்ல வழி. காம் பதிவு எதுவும் இல்லாமலே டாட்நெட் வகுப்புகளைக் கூப்பிட அது விடும். டாஸ் கால ஃபாக்ஸ்ப்ரோவாக இருந்தால் அதுவும் முடியாது. கேள்வியை ஒரு கோப்பில் எழுதிவைத்து, தனி இஎக்ஸ்இ ஒன்றை ஓட்டி, பதில் கோப்பைப் படித்துக்கொள்ளவேண்டியதுதான். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் நம்பகமானது. பாலம் போடும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். வியாபார விதிகளைப் பாலத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. எண்ணைக் கொடுத்துப் பதிலை வாங்கும் வேலை மட்டும் அங்கே இருக்கட்டும். வாட் போடுவதா வேண்டாமா என்ற முடிவு பில் போடும் நிரலிலேயே இருந்தால்தான் நாளைக்கு அதைப் பராமரிக்க வருபவர் ஒரே இடத்தில் தேடிக் கண்டுபிடிக்கமுடியும்.

கடைசியாக, போன கடிதத்தையும் வந்த பதிலையும் ஒரு மெமோ ஃபீல்டில் முழுசாக, பைட் மாறாமல், நேரத்தோடு சேமித்துவையுங்கள். வீஸில் கேட்பவர் தன் சொந்த வாட் எண்ணையும் சேர்த்து அனுப்பும் இன்னொரு செயல் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடையாள எண் திரும்பி வரும். அந்த எண்ணையும் பில்லோடு சேர்த்துவிட்டால், மூன்று வருடம் கழித்துத் தணிக்கையாளர் வந்து அந்த வாடிக்கையாளரின் எண்ணை அன்றைக்குச் சரிபார்த்தீர்களா என்று கேட்கும்போது, கடைக்காரர் பில்லைத் திறந்து அந்த வரியைக் காட்டலாம்.